ஐந்து ஏக்கருக்குக் குறைந்ததெல்லாம் குப்பை

டிசம்பர் 1, திங்கள்

அலுவலக வேலைப் பதிவேட்டில் "எல்லை சரிபார்ப்பு" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். மூன்று வருடமாக தினமும் இதே இரண்டு சொல்தான். மீதியை எழுத ஓர் இடம் வேண்டும் என்று உரக்கடைக்காரர் கொடுத்த டைரியை எடுத்திருக்கிறேன். பதினோரு மாதம் காலியாகக் கிடக்கிறது. பக்கத்துக்குப் பக்கம் யூரியா விளம்பரம்.

என் பெயர் உலகம்மை. மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தின் முதல் மாடியில், கழிப்பறைக்கு அடுத்த அறையில், வரைபடப் பிரிவின் ஒப்பந்தப் பணியாளர். சொந்த டைரிக்கு எதற்கு அறிமுகம் என்று கேட்டால், மனுக்களைப் படித்துப் படித்து வந்த பழக்கம்.

எங்கள் கணினியில் மாவட்டத்தின் ஒவ்வொரு கிராமமும் ஒரு மூடிய கோடு. ஒரு கிராமத்தின் கோடு பக்கத்துக் கிராமத்தின் கோட்டோடு ஒட்டி நிற்க வேண்டும். மேலே ஏறினால் பிழை, நடுவில் ஓட்டை விழுந்தால் பிழை. குழாய் போடுகிறவர், ரோடு போடுகிறவர், தலை எண்ணுகிறவர் எல்லாரும் இந்தக் கோடுகளை வைத்துத்தான் வேலை பார்க்கிறார்கள். கணக்கெடுப்பு வருவதால் இந்த மாதம் முப்பத்தொன்று, மாலை ஐந்து மணிக்கு எல்லாக் கோடுகளும் உறைந்துவிடும். பிறகு ஒரு முடி அகலம்கூட நகர்த்த முடியாது, வருடக்கணக்கில். என் ஒப்பந்தமும் அதே முப்பத்தொன்றில் முடிகிறது. புதுப்பிக்காவிட்டால் அது உறையாது, உதிரும்.

திங்கள் என்பதால் கீழே மனு கொடுக்கிறவர்கள் வரிசை. நானும் நில அளவர் சுடலைமணி அண்ணாச்சியும் ஜன்னலில் நின்று ஒரு விளையாட்டு ஆடுவோம். கையில் இருக்கும் பையைப் பார்த்து என்ன மனு என்று சொல்ல வேண்டும். மஞ்சப்பை என்றால் பட்டா. மருந்துக்கடை கவர் என்றால் உதவித்தொகை. இன்று ஒரு பெண் வெறும் பிளாஸ்டிக் குடத்தோடு நின்றாள். அதற்கெல்லாம் மதிப்பெண் கிடையாது என்றார் அண்ணாச்சி.

டிசம்பர் 2, செவ்வாய்

கேஸ் சிலிண்டருக்குப் பதிவு செய்தேன். பிழை: 0.

டிசம்பர் 4, வியாழன்

பிழை எண்ணிக்கை பெரிய திரையில் ஓடிக்கொண்டே இருக்கும். சுழியம் என்றால் பச்சை, ஒன்று வந்தாலே சிவப்பு. எங்கள் மாவட்டம் மூன்று வருடமாகப் பச்சை. மாநிலத்தில் முதலிடம். எங்கள் மேலாளர் ஞானதுரை சார் தன் போனின் முகப்பில் இருந்த பிள்ளைகள் படத்தை எடுத்துவிட்டு அந்தப் பச்சைச் சுழியத்தை வைத்திருக்கிறார். பிள்ளைகள் இரண்டு பேரும் பத்தாம் வகுப்பில் வாங்கிய மார்க்கைப் பார்த்தால் அவரைக் குறை சொல்ல முடியாது.

"முப்பத்தொண்ணு வரைக்கும் இத எவனும் தொடக் கூடாது. மூச்சு கூட அந்தப் பக்கம் திரும்பி விடுங்க" என்றார் சார்.

என் மேசை மேல் கண்ணாடிச் சட்டம் போட்ட பாராட்டுச் சான்றிதழ் ஒன்று இருக்கிறது. அதைத் துடைத்தேன். தூசி.

டிசம்பர் 8, திங்கள்

குடத்துக்காரி மாடிக்கே வந்துவிட்டாள். கீழே மனுவில் "வரைபடப் பிரிவுக்கு" என்று முத்திரை குத்தி அனுப்பியிருக்கிறார்கள். கீழே இருப்பவர்களுக்கு ஒரு மனு என்ன என்று புரியவில்லையென்றால் அது எங்களுடையது.

பெயர் பேச்சித்தாய். நாற்பத்தைந்து இருக்கும். பீடி சுற்றுகிறவள். விரல் நுனியெல்லாம் வழுவழு என்று இருந்தது, எங்கள் கைரேகை இயந்திரத்தில் நிச்சயம் விழாது. ஊர் உப்போடைக் குடியிருப்பு.

"மேடம், பூவாணிக்குளத்துல பைப்பு போட்டாச்சு. கட்டையன்விளையிலயும் போட்டாச்சு. நடுவுல நாங்க இருக்கோம். எங்க தெரு முனை வரைக்கும் கொண்டாந்து மூடியப் போட்டு அடைச்சுட்டுப் போயிட்டானுவ. கேட்டா கையில ஒரு கம்ப்யூட்டர் பலகைய வச்சிக்கிட்டு, இதுல உங்க ஊரு இல்லங்கான்."

"நீங்க எந்தக் கிராமத்துல சேத்தி அக்கா?"

"ஓட்டு பூவாணிக்குளத்துல. ரேஷன் கட்டையன்விளையில. தண்ணி எங்கயும் இல்ல."

"பார்த்துச் சொல்றேன்" என்றேன். இந்த அலுவலகத்தில் இதற்கு மேல் நாகரிகமான கெட்ட வார்த்தை கிடையாது.

"ரெண்டு வருசமா எல்லாரும் பாத்துட்டுத்தான் இருக்கிய. பதினோரு திங்கக்கெழம வந்துட்டேன். ஒரு நா வந்தா ஆயிரம் பீடி போச்சு."

போகும்போது குடத்தை மறந்தாற்போல் என் மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள். மறக்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

டிசம்பர் 9, செவ்வாய்

பார்த்தேன். உப்போடைக் குடியிருப்பு என்று ஒன்று எங்கள் படத்தில் இல்லை. பூவாணிக்குளமும் கட்டையன்விளையும் ஒட்டிக்கொண்டு நிற்கின்றன, நடுவில் ஒரு கோடு மட்டும்.

செயற்கைக்கோள் படத்தை அடியில் போட்டுப் பார்த்தேன். கோட்டுக்குள் கூரைகள். முந்நூறு மீட்டர் நீளம், ஐம்பத்தாறு மீட்டர் அகலம். பழைய ஓடை. ஒரு கிராமத்துப் படம் மேற்குக் கரையோடு நிற்கிறது, மற்றதன் படம் கிழக்குக் கரையோடு. ஓடை எப்போதோ வற்றி, ஆட்கள் குடியேறி ஐம்பது வருடம் ஆகிறது. காகிதப் படத்தில் இது யாருக்கும் தொந்தரவாக இல்லை. எந்தத் தலையாரியைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்.

கணினியில் அது ஓர் ஓட்டை. நாலு ஏக்கர் பதினைந்து சென்ட். ஐந்து ஏக்கருக்குக் குறைந்த துண்டெல்லாம் குப்பை, கணக்கில் எடுக்காதே, காட்டாதே என்று எங்களிடம் ஒரு விதி இருக்கிறது. தினமும் மாலை ஆறு மணிக்கு அந்த விதி தானாக ஓடிப் படத்தைக் கூட்டிப் பெருக்கும். அதன் பெயர் வாரியல். சென்னையிலிருந்து வந்த விதி. நான் என்ன செய்ய முடியும்?

அறுபத்திரண்டு கூரை. எண்ணியிருக்கக் கூடாது.

டிசம்பர் 11, வியாழன்

வீட்டில் மோட்டார் எரிந்துவிட்டது. என் வீட்டுக்காரருக்கு மில்லில் பகல் ஷிப்ட். நான்தான் இரண்டாவது மாடிக்கு ஆறு வாளி தண்ணீர் தூக்கினேன். ஆறாவது வாளியில் முதுகு பிடித்துக்கொண்டது. அரை நாள் விடுப்பு.

கீழ்வீட்டு ஓனரிடம் சண்டை போட்டேன். தண்ணீர் இல்லாமல் ஒரு மனுஷி எப்படி இருக்க முடியும், இதை நாளைக்குச் செய்வோம் நாளன்றைக்குச் செய்வோம் என்று தள்ளிப் போட உங்களுக்கு மனசு எப்படி வருகிறது என்று கேட்டேன். நல்ல பேச்சு. சாயங்காலமே புது மோட்டார் வந்துவிட்டது.

டிசம்பர் 12, வெள்ளி

சுடலைமணி அண்ணாச்சியின் பைக்கில் உப்போடை போனேன். அலுவல் ஒன்றும் இல்லை. வழியில் பரோட்டா நன்றாக இருக்கும் என்று அண்ணாச்சி சொன்னதால் போனேன்.

பேச்சித்தாய் எங்களை நேராகத் தெருமுனைக்குக் கூட்டிப் போனாள். மண்ணுக்குள்ளிருந்து ஒரு சாண் குழாய் நீட்டிக்கொண்டிருந்தது, நுனியில் நீல மூடி. அங்கிருந்து முதல் வீடு இருபது அடி. தண்ணீருக்கு நாலுவழிச் சாலையைத் தாண்டிக் கட்டையன்விளைக்குப் போகிறார்கள். போன ஆவணியில் ஒருத்திக்கு லாரி இடித்துக் கால் போயிற்று. அவள் வாசலில் உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். "வாங்க மேடம், ஊர் இருக்கான்னு பாக்க வந்தியளா? இருக்கு" என்றாள்.

மாவட்டப் படத்தில் இந்த இடம் எப்படித் தெரிகிறது என்று பேச்சித்தாய் கேட்டாள். போனில் காட்டினேன்.

"இது வெறுங்கோடுல்லா?"

"ஆமா அக்கா. மாவட்டம் முழுசாத் தெரியணும்னா இந்த இடம் கோட்டோட தடிமனுக்குள்ள போயிரும்."

"அப்போ நாங்க கோட்டுக்குள்ள குடியிருக்கோம்" என்றாள் பேச்சித்தாய், தெருவில் இருந்த மற்றவர்களிடம், கோபமே இல்லாமல், ஏதோ சந்தேகம் தீர்ந்ததுபோல்.

டீ கொடுத்தார்கள். வேண்டாம் என்றேன், சாலையைத் தாண்டி வந்த தண்ணீர் என்று தெரியும். பிறகு குடித்தேன். குடிக்காவிட்டால் இன்னும் அசிங்கம்.

பரோட்டாக் கடை பூட்டியிருந்தது.

டிசம்பர் 15, திங்கள்

யாருக்கும் சொல்லாமல் உப்போடைக் குடியிருப்பைப் படத்தில் வரைந்தேன். பெயரும் கொடுத்தேன். பத்து நிமிட வேலை. இரண்டு வருடம், பத்து நிமிடம்.

டிசம்பர் 16, செவ்வாய்

காலையில் பார்த்தால் இல்லை. ஆறு மணிக்கு வாரியல் பெருக்கித் தள்ளிவிட்டது. மறுபடி வரைந்தேன்.

டிசம்பர் 17, புதன்

மறுபடி இல்லை. வாரியல் ஒழுங்காக வேலை செய்கிறது. எழுதியவர் யாரோ கெட்டிக்காரர்.

டிசம்பர் 18, வியாழன்

ஞானதுரை சாரிடம் பொதுவாகக் கேட்பதுபோல் கேட்டேன், வாரியலை ஒரு நாள் நிறுத்தி வைக்க முடியுமா என்று.

"நிறுத்தலாமே. அதுக்குப் படிவம் இருக்கு. விதி தப்புன்னு விதி எழுதுனவங்களே கையெழுத்துப் போடணும்."

"சென்னைக்கு எழுதணுமோ சார்?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஏம்மா உலகம்மை, சென்னைக்காரன் எவன் வாரியல்னு பேர் வைப்பான்? அங்க வெளக்குமாறும்பான், தொடப்பம்பான்."

நான் திரும்பி என் மேசையைப் பார்த்தேன்.

"அந்த சர்ட்டிபிகேட் எதுக்குக் குடுத்தாங்கன்னு நெனவு இருக்கா உனக்கு?" என்று மட்டும் கேட்டுவிட்டு சாப்பிடப் போனார்.

சான்றிதழைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். வெயில் பட்டுக் கண் கூசுகிறது.

டிசம்பர் 19, வெள்ளி

குளிக்கும்போது யோசனை வந்தது. துண்டு ஐந்து ஏக்கருக்குக் குறைந்தால்தானே குப்பை? பூவாணிக்குளத்திடமிருந்து தொண்ணூறு சென்ட் கடன் வாங்கினால் ஐந்து ஏக்கர் ஐந்து சென்ட். மேற்குக் கோட்டைப் பன்னிரண்டு மீட்டர் தள்ளினால் போதும். பூவாணிக்குளம் ஆயிரத்து எண்ணூறு ஏக்கர். அதற்குத் தெரியப் போகிறதா என்ன?

தள்ளினேன். அந்தத் தொண்ணூறு சென்டில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. சாலை ஓரம், கருவேலம் இருக்கும்.

டிசம்பர் 20, சனி

இருக்கிறது. வாரியல் தொடவே இல்லை. உப்போடைக் குடியிருப்பு படத்தில் இருக்கிறது. திரை பச்சை, பிழை 0. பேச்சித்தாய்க்குப் போன் போட்டுச் சொன்னேன். அந்தப் பக்கம் குலவை போடுகிற சத்தம் கேட்டது. நான் இந்த வேலையில் சேர்ந்ததிலிருந்து யாரும் எனக்காகக் குலவை போட்டதில்லை, கல்யாணத்திலேயே அரைகுறைதான்.

டிசம்பர் 21, ஞாயிறு

மட்டன் எடுத்தோம். முதுகு வலியும் இல்லை.

டிசம்பர் 22, திங்கள்

கருவேலம் இல்லை. மதுக்கடை.

பூவாணிக்குளம் மதுக்கடை சாலை ஓரமாக, எல்லையை ஒட்டி இருக்கிறது. என் பன்னிரண்டு மீட்டரில் முக்கால்வாசிக் கடை உப்போடைக்கு வந்துவிட்டது. ஒவ்வொரு திங்களும் காலையில் எல்லாத் துறைப் பட்டியலும் எங்கள் படத்தைப் பார்த்துத் தன்னைப் புதுப்பித்துக்கொள்ளும். கடையின் பில் இயந்திரம், தன் ஊர் மாறிவிட்டதே, இந்த ஊரில் கடை நடத்த எனக்கு அனுமதி இல்லையே என்று கடை திறக்கும் பன்னிரண்டு மணிக்கு நின்றுவிட்டது. இயந்திரத்துக்கு இருக்கிற நேர்மை.

ஒரு மணிக்குள் ஆறு போன். முதலில் கடை மேற்பார்வையாளர். பிறகு பூவாணிக்குளம் கிராம நிர்வாக அலுவலர், மூச்சு வாங்க. பிறகு நான் பெயர் மட்டும் கேள்விப்பட்டிருக்கிற பெரிய ஆட்கள், ஒருவர் பின் ஒருவராக. ஞானதுரை சார் போனைக் காதில் வைத்தபடியே எழுந்து நின்றார், உட்கார்ந்தார், எழுந்து நின்றார். யார் கோட்டை நகர்த்தியது என்று பதிவைத் திறந்தார்கள். கணினி எதையும் மறக்காது. வெள்ளி, பிற்பகல் 3.12, உலகம்மை.

சரியாக அந்த நேரம் பேச்சித்தாய் வந்தாள், ஒரு தூக்குச்சட்டி நிறைய கருப்பட்டி போட்ட பொரிவிளங்கா உருண்டையோடு. "படத்துல வந்துட்டம்லா, அதுக்குத்தான்" என்று மேசையில் வைத்தாள்.

"இப்பமே கோட்டப் பழைய எடத்துக்குக் கொண்டு போ" என்றார் சார் என்னிடம். "ஏதோ கை தவறிட்டுன்னு எழுதிக்கலாம். நான் பாத்துக்கிடுதேன். ஒப்பந்தத்துக்கு ஒண்ணும் வராது."

கொண்டு போனேன். பேச்சித்தாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே. உப்போடை மறைந்து இரண்டு கோடும் மூடின. திரை பச்சை. கீழே தெருவில் ஒருவர் போனில் "தெறந்தாச்சாம் தெறந்தாச்சாம்" என்று கத்துவது மாடி வரை கேட்டது.

"எத்தன மீட்டரு மேடம்?" என்றாள் பேச்சித்தாய்.

"பன்னெண்டு."

"கடை பன்னெண்டு மீட்டரு நவுந்ததுக்கு ஒரு மணி நேரத்துல ஆறு போனு. நாங்க ரெண்டு வருசமா நவுராம நிக்கோம்."

தூக்குச்சட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

டிசம்பர் 23, செவ்வாய்

எழுதிவிடுகிறேன். யூரியா விளம்பரத்தைத் தவிர இங்கே யாரும் பார்க்கப் போவதில்லை.

வாரியலை எழுதியது நான். மூன்று வருடத்துக்கு முன், வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம். திரையில் பதினோராயிரம் பிழை. பெரும்பாலும் நூல் போன்ற துண்டுகள், இரண்டு படத்தைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் விழுகிற இடுக்குகள். ஒவ்வொன்றாகத் திறந்து, கீழே என்ன இருக்கிறது என்று பார்த்து, சேர்க்க வேண்டிய கிராமத்தோடு சேர்க்க வேண்டும். அதுதான் முறை. எட்டு மாத வேலை. நான் சாப்பாட்டு நேரத்தில் நாலு வரி எழுதினேன். ஐந்து ஏக்கருக்குக் குறைந்தால் தள்ளு. பதினோராயிரம் சுழியமாயிற்று. சான்றிதழ் கொடுத்தார்கள், கைதட்டினார்கள், பக்கத்து மாவட்டத்திலிருந்து வந்து கேட்டு எழுதிக்கொண்டு போனார்கள்.

ஐந்து ஏக்கருக்குள் யார் குடியிருக்கப் போகிறார்கள் என்று நினைத்தேன். நான் குடியிருக்கும் வீடு ஒரு சென்டுக்கும் குறைவு.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். ஞானதுரை சார் வீட்டில் கேக், அச்சுமுறுக்கு, பிரியாணி. எல்லாரும் பாட்டு பாடினார்கள். சார் என்னைச் சமையலறைப் பக்கம் கூப்பிட்டார்.

"படிவத்துல நீ கையெழுத்துப் போட்டா நான் தடுக்க மாட்டேன். ஆனா ஒனக்கு ஒப்பந்தம் போயிரும். எனக்குப் பச்சை போயிரும். ஒண்ணாந்தேதிக்கு மேல போடேன்."

"ஒண்ணாந்தேதி எல்லாம் ஒறஞ்சிரும் சார்."

"அதாம்லா சொல்லுதேன்" என்றார். பிறகு தானே வெட்கப்பட்டதுபோல் இன்னொரு துண்டு கேக்கை என் தட்டில் வைத்தார். கெட்டவர் இல்லை. மூன்று வருடம் ஒரு நிறத்தைப் பார்த்துப் பழகிவிட்டார்.

எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த வேலை எனக்குப் பிடிக்கும். காலையில் வந்து மாவட்டம் முழுவதையும் ஒரு திரையில் விரித்துப் பார்க்கும்போது அப்படி ஒரு திமிர் வரும். வேறு எந்த வேலையில் அது கிடைக்கும்?

டிசம்பர் 26, வெள்ளி

போட்டேன். விதி தவறு. எழுதியவர்: உலகம்மை. காரணம் என்ற கட்டத்தில் "சோம்பல்" என்று எழுதினேன். சார் அடித்துவிட்டு "தொழில்நுட்பக் காரணம்" என்று எழுதச் சொன்னார். பக்கத்தில் "சோம்பல்" என்று மறுபடி எழுதினேன்.

பதினொன்று பத்துக்கு வாரியலை நிறுத்தினேன். உப்போடை ஒன்று தெரியும், திரை சிவப்பாகி 1 என்று வரும் என்று நினைத்தோம். எண் ஓட ஆரம்பித்தது. நூல் போன்ற துண்டுகளை ஒரு தனிப் பட்டியலில் தள்ளிய பிறகும் நின்றது 118-இல்.

சுடலைமணி அண்ணாச்சிதான் கடைசியில் சொன்னார்: "நூத்திப் பதினெட்டு. அவ ஒருத்திதான் பஸ் ஏறி வந்திருக்கா."

டிசம்பர் 27, சனி

நூற்றுப் பதினெட்டையும் ஒவ்வொன்றாகத் திறக்கிறேன், மூன்று வருடத்துக்கு முன் செய்திருக்க வேண்டியதுபோல். குளத்துக் கரை. பாறை. சுடுகாடு. ஆற்று மணல். கூரை. கூரை. பாறை. தென்னந்தோப்பு. கூரை.

பதினேழில் கூரை இருக்கிறது. ஒன்றில் ஒரு சின்னக் கோயிலும், வாசலில் யாரோ துணி காயப் போட்டிருப்பதும் தெரிகிறது. மேலேயிருந்து பார்த்தாலும் சேலை சேலைதான்.

டிசம்பர் 28, ஞாயிறு

ஒவ்வோர் ஊருக்கும் சுடலைமணி அண்ணாச்சி நேரில் போய் அளக்க வேண்டும். பக்கத்துக் கிராம நிர்வாக அலுவலர் சேர்த்துக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட வேண்டும். மீதி மூன்று நாள். பத்து மணிக்கு முன் எழுந்திருக்காத மனிதர் இன்று ஆறரைக்கு என் வாசலில் ஹார்ன் அடித்தார். "கெளம்பு தாயி. பரோட்டாவெல்லாம் அடுத்த வருசம் பாத்துக்கிடலாம்."

நாலு ஊர் அளந்தோம். மாவு அரைக்கவில்லை. வீட்டுக்காரர் மூன்று வேளையும் பிரட் சாப்பிட்டார், புகாரில்லை.

டிசம்பர் 29, திங்கள்

உப்போடையை அளந்தாயிற்று. ஆனால் பூவாணிக்குளம் நிர்வாக அலுவலர் கையெழுத்துப் போட மறுக்கிறார். மதுக்கடை விவகாரத்தில் என்னைப் பார்த்தாலே அவருக்கு ரத்தம் கொதிக்கிறது. "கட்டையன்விளைகிட்ட கேளுங்க" என்கிறார். கட்டையன்விளைக்காரர் "பூவாணிக்குளத்துகிட்ட கேளுங்க" என்கிறார். ஓடை ஐம்பது வருடத்துக்கு முன்பே வற்றிவிட்டது, இவர்கள் இன்னும் ஆளுக்கொரு கரையில்தான் நிற்கிறார்கள்.

பேச்சித்தாயிடம் போனில் சொன்னேன். "சரி" என்று வைத்துவிட்டாள்.

டிசம்பர் 30, செவ்வாய்

கையெழுத்து வந்துவிட்டது. பேச்சித்தாயே கொண்டுவந்தாள்.

"எப்படிக்கா?"

"ஒண்ணும் செய்யல. அவரு ஆபீஸு வாசல்லேருந்து ரோடு வரைக்கும் அறுவத்திரண்டு குடத்த அடுக்கி வச்சோம். அது வழியாத்தான் கடைக்குப் போவணும். பன்னெண்டு மணிக்குக் கடை தெறந்துது. பன்னெண்டேகாலுக்கு அவரு பேனாவத் தேடுதாரு."

பூவாணிக்குளத்தில் உப்போடைக் குடியிருப்பு சேர்ந்தது. நாலு ஏக்கர் பதினைந்து சென்ட். பெருக்க வாரியல் இல்லை. ஆறு மணிக்குப் பார்த்தேன், இருந்தது. ஏழுக்கும் பார்த்தேன்.

ஞானதுரை சார் இன்று தானே இரண்டு ஊருக்குப் போன் போட்டுக் கையெழுத்துக்கு ஏற்பாடு செய்தார். திரையைப் பார்க்காமல் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

டிசம்பர் 31, புதன்

மாலை 5.00. பதினேழில் ஒன்பது சேர்ந்தது. எட்டு சேரவில்லை. இரண்டுக்கு அளக்கப் போக நேரமில்லை, ஐந்துக்குக் கையெழுத்து வரவில்லை. கடைசி ஒன்றை நாலு ஐம்பத்தெட்டுக்கு அனுப்பினேன். ஏற்றும் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது. ஐந்துக்கு எல்லாம் சாம்பல் நிறமாயிற்று. சுட்டியை வைத்து இழுத்துப் பார்த்தேன். கோடு அசையவில்லை.

கழிப்பறையில் போய் அழுதேன். பக்கத்து அறையில் வேலை பார்த்ததில் ஒரே வசதி.

ஜனவரி 2, வெள்ளி

ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. காரணம்: "பணிக்காலத்தில் 118 பிழைகள்." பதினோராயிரத்தை மறைத்தபோது கண்ணாடிச் சட்டம் கொடுத்தார்கள்.

சட்டத்தை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். பேச்சித்தாயின் குடத்தையும்.

உறைந்த பிறகும் பிற்சேர்க்கைப் பட்டியல் என்று ஒன்று உண்டு என்று ஞானதுரை சார் படி இறங்கும்போது காதோடு சொன்னார். அலுவலர்கள் கேட்க முடியாது. பொதுமக்கள் மனு கொடுத்தால் மட்டும் பரிசீலிப்பார்களாம்.

நான் இப்போது பொதுமக்கள்.

ஜனவரி 5, திங்கள்

எட்டு ஊருக்கும் பெயர், அளவு, கூரை எண்ணிக்கை எழுதி, எட்டு மனுவாக எடுத்துக்கொண்டு போனேன். வரிசை வேப்பமரம் தாண்டி, சைக்கிள் ஸ்டாண்டு தாண்டிப் போய்விட்டது. மாடியிலிருந்து பார்க்கும்போது இது இவ்வளவு நீளமாகத் தெரியாது. வெயிலும் தெரியாது.

முன்னால் தெரிந்த முதுகு. பேச்சித்தாய்.

"ஏ உலகம்மை, இங்க வா" என்றாள். மேடம் போய்விட்டது. பின்னால் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். "நம்ம ஆளுதான், சும்மா இருங்க" என்று அவர்களைப் பார்த்துச் சொல்லிவிட்டு என்னைத் தனக்கு முன்னால் நிறுத்திக்கொண்டாள்.

"உங்களுக்குத்தான் முடிஞ்சிட்டே அக்கா. இன்னும் எதுக்கு வந்திய?"

"மூடியக் கழட்டிட்டாங்க. பைப்பு வீட்டு வாசல் வரைக்கும் வந்துட்டு. தண்ணி வரல. அது வேற ஆபீஸாம்."

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிக்கிற விஷயம் இல்லை. கொண்டுபோயிருந்த குடத்தைக் கொடுத்தேன். வாங்கிக் கவிழ்த்துப் போட்டு, "உக்காரு, முதுகு வலிக்காரி" என்றாள். யார் சொன்னார்களோ, அண்ணாச்சியாகத்தான் இருக்கும். நிமிர்ந்து பார்த்தேன். முதல் மாடி ஜன்னலில் அவர் நின்றுகொண்டிருந்தார், என் கையில் என்ன பை என்று பார்த்துக்கொண்டு. மஞ்சப்பைதான். தூக்கிக் காட்டினேன். ஜன்னலை விட்டு நகர்ந்துவிட்டார்.

ஒன்றே முக்காலுக்கு மேசைக்குப் போனேன். பதிவு செய்யும் பெண் புதிது, என்னைத் தெரியாது. முதல் மனுவின் ஊர்ப் பெயரைத் தட்டினாள். இரண்டாவதைத் தட்டினாள். எட்டையும் தட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"இதுல ஒரு ஊரு கூட கம்ப்யூட்டர்ல வரலியே அக்கா."

"வராதும்மா" என்றேன். "வரக் கூடாதுன்னு எழுதுனதே நான்தான். நீ பேனாவால எழுதிக்கோ."